தங்கச்சிகிட்டச் சொல்லு

என் முட்டாள்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிட்டால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். முப்பத்தெட்டு வயதில், மீசையில் நரை எட்டிப் பார்த்த பிறகு, நான் ஏழு மாதம் ஒரு டிபன் பாக்ஸுக்கு வேஷம் கட்டினேன்.

செய்முறை இதுதான். காலையில் காலி டப்பாவைப் பையில் போட்டு, உள்ளே குழம்பு தளும்புவது போலப் பையை ஆடாமல் பிடித்துக்கொண்டு, அவனியாபுரத்தில் நான் வேலை பார்த்த டூவீலர் சர்வீஸ் பட்டறைக்குள் நுழைவேன். பன்னிரண்டு மணிக்கு, ரிப்பேர் முடிந்த ஏதாவது ஒரு வண்டியை எடுத்து, "ட்ரையல் பாத்துட்டு வாரேன்" என்று பையோடு கிளம்புவேன். ஏதாவது ஒரு மெஸ்ஸில் பார்சல். அப்புறம் ஏர்போர்ட் ரோட்டில் ஒரு வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி, சீட்டின் மேல் டப்பாவைத் திறந்துவைத்துப் பொட்டலத்தைப் பிரித்து மாற்றுவேன். இங்கேதான் கலை இருக்கிறது. வீட்டில் இருந்து வந்த சோறு என்றால் மத்தியானம் ஆறிப்போயிருக்க வேண்டும். மெஸ் சோறோ ஆவி பறக்கும். ஆகவே ஜாப் கார்டு அட்டையால் விசிறுவேன். அவசரத்தில் ஒரு பெண்பிள்ளை ஊற்றிக் கொடுத்தது போல, டப்பாவின் ஓரத்தில் ஒரு சொட்டுக் குழம்பை வழியவிடுவேன். தேய்த்த சட்டையோடு, யாருடைய வண்டி மேலோ குனிந்து, சோற்றுக்கு விசிறிக்கொண்டு நிற்கும் ஒருவனைப் பார்த்து ஷேர் ஆட்டோவில் போகிறவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. ஒரு வாடிக்கையாளர் வந்து, "சார், சர்வீஸ் நல்லாத்தான் இருக்கு. ஆனா சீட்டுல சாம்பார் வாசம் வருது" என்றார். எழுதிக்கொண்டேன். வண்டிக்காரர்கள் சொல்கிற குறைகளை எழுதுவதுதான் எனக்கு அங்கே வேலை.

இத்தனை பாடும் ஒரே ஒரு மனிதரின் நாக்குக்குப் பயந்துதான்.

அவரை நாங்கள் ஸ்டோர்ஸ் அண்ணன் என்று கூப்பிடுவோம். பட்டறையின் பின்பக்கம், கம்பி வலை அடித்த அறைக்குள், பிரேக் ஷூவும் கிளட்ச் வயரும் செயின் பாக்கெட்டும் அடுக்கிய இரும்பு அலமாரிகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பார். ஐம்பத்தேழு வயது. ஒடிசலான உடம்பு. காக்கிச் சட்டையில் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருப்பார். ஆயில் சீலைப் பல்லில் கடித்துப் பார்த்து நல்லதா டூப்ளிகேட்டா என்று சொல்கிற மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மத்தியானம் ஒரு மணிக்கு அந்த ஸ்டோர்ஸ் ரூமில்தான் எங்கள் சாப்பாடு. நாலு பேர். அவர், நான், தலைமை மெக்கானிக் பாண்டி, முன்னால் உட்கார்ந்து போன் எடுக்கிற ரோஸ்லின். அடுக்கிய டயர்களின் மேல் பழைய பிளக்ஸ் பேனரை விரித்து டப்பாக்களைத் திறப்போம். அண்ணனின் டப்பாவில் எப்போதும் வெறும் சோறு. மேலே ஒரு துண்டு எலுமிச்சை ஊறுகாய். குழம்பு ஒரு சொட்டு இருக்காது. எங்கள் மூன்று பேர் டப்பாவில் இருந்தும் ஆளுக்கொரு கரண்டி ஊற்றிக்கொள்வார். "சோறு என்னுது, கொழம்பு ஊருது" என்பார். அவரைக் கஞ்சன் என்றான் பாண்டி. நான் 'கம்பெனி அன்னக்காவடி' என்று பேர் வைத்தேன். பேர் வைப்பதில் நான் கெட்டிக்காரன். அந்தப் பட்டறையில் பட்டப்பேர் இல்லாத ஒரே ஆள் நான்தான், ஏனென்றால் வைக்கிற ஆளே நான்தான்.

குழம்பை எடுத்ததும் சோற்றில் ஊற்ற மாட்டார். உள்ளங்கைக் குழியில் ஒரு சொட்டு விட்டு நக்கிவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மேலே ஓடும் ஃபேனைப் பார்ப்பார். நாங்கள் மெல்லுவதை நிறுத்திவிடுவோம். கொஞ்ச நேரத்தில் தீர்ப்பு வரும். தீர்ப்பு குழம்பைப் பற்றி இருக்காது, ஆக்கிய ஆளைப் பற்றி இருக்கும்.

"ஏப்பா பாண்டி, ஒன் மாமியா வந்திருக்கா?"

பாண்டி எடுத்த கவளத்தை டப்பாவிலேயே போட்டான். "வந்து ஒரு வாரமாச்சுண்ணே. எப்படிக் கண்டுபிடிச்சீக?"

"சின்ன வெங்காயத்த முழுசு முழுசா உரிச்சுப் போட்டுருக்கு. வேலைக்குப் போற ஒன் சம்சாரத்துக்கு அதுக்கு ஏது நேரம்? யாரோ பெரிய மனுசி சாவகாசமா உக்காந்து உரிச்சிருக்கு."

"போற மாதிரியே தெரியலண்ணே."

"போகவிடாதடா. வெங்காயம் யாரு உரிப்பா?"

இன்னொரு நாள் ரோஸ்லினின் சாம்பாரை நக்கிவிட்டு, "பெருங்காயம் ரெண்டு தடவ விழுந்திருக்கே தாயி. போன் பேசிக்கிட்டே ஆக்குனயா?" என்றார். அவள் அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார், பொல்லாத கண்டிப்பு. ரோஸ்லின் டப்பாவை மூடிக்கொண்டு முன்பக்கம் ஓடிவிட்டாள். மூன்று மாதம் கழித்துக் கல்யாணப் பத்திரிகை நீட்டினாள். அந்தச் சாம்பார் நாளில்தான் மாப்பிள்ளைப் பையன் முதன்முதலாகப் போன் பண்ணினானாம். அவள் வீட்டில் யாருக்கும் தெரியாத செய்தி, எங்கள் டயர் அடுக்குக்குத் தெரிந்திருந்தது.

இப்படிப்பட்ட நாக்குக்கு முன்னால் நான் மெஸ் சாம்பாரை வைத்தேன். ஏன் என்று சொல்ல வேண்டும்.

என் மனைவி மேலூரில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. சண்டை என்றால் யார் மேல் தப்பு என்று பேச வசதியாக இருந்திருக்கும். காரணம் கறிதோசை.

எனக்கு மூன்று சினேகிதர்கள். சாயங்காலம் ஆனால் நாலு பேரும் இரண்டு வண்டியில் கிளம்பிவிடுவோம். ஒருநாள் மிளகாய்ப்பொடி தூவிய முள்ளுமுருங்கை அடை, ஒருநாள் சுக்குத் தூக்கலாகப் பருத்திப்பால், சனிக்கிழமையானால் கறிதோசையும் கோலா உருண்டையும். ஒருத்தன் சொல்கிற ஜோக்கை இன்னொருத்தன் முடிப்பான். வீடு திரும்பும்போது வயிற்றில் இடம் இருக்காது. அவள் "சோறு போடவா?" என்பாள். நான் வயிற்றைத் தட்டிக் காட்டி, "ஹவுஸ்ஃபுல் போர்டு மாட்டியாச்சு" என்பேன். நல்ல ஜோக் என்று நினைத்து ஆறு வருஷம் அதையே சொன்னேன். அவள் ஆக்கியது ஃப்ரிட்ஜுக்குள் போகும். மறுநாள் காலையில் சூடாகி என் டப்பாவுக்குள் வரும்.

ஸ்டோர்ஸ் அண்ணன் அப்போதே சொல்லியிருக்கிறார். உள்ளங்கையை நக்கிவிட்டு ஃபேனைப் பார்த்தபடி, "இது நேத்து யாருக்கோ ஆக்குனது மாப்ள" என்றார். பிறகு, "தங்கச்சிகிட்டச் சொல்லு, நல்ல கைப்பக்குவம்னு." என் மனைவியை அவர் பார்த்ததே இல்லை. ஆனால் தங்கச்சி என்றுதான் சொல்வார். அந்த முறையில்தான் நான் அவருக்கு மாப்பிள்ளை.

நான் வீட்டுக்குப் போய்ச் சொல்லவில்லை. ஹவுஸ்ஃபுல் ஜோக்குக்கே நேரம் சரியாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாத்திரங்களை எல்லாம் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டு, "நான் ஆக்குறது யாருக்குன்னே தெரியல" என்று சொல்லி, ஒரு பையோடு மேலூர் பஸ் ஏறிவிட்டாள். நாலு நாளில் வந்துவிடுவாள் என்று நினைத்தேன். நான் கூப்பிடுவேன் என்று அவள் நினைத்திருக்கலாம். இரண்டு பேரும் நினைத்துக்கொண்டே இருந்தோம்.

முதல் வாரம் எனக்குக் கொண்டாட்டம்தான். கேட்க ஆள் இல்லை, தினமும் கறிதோசை. அப்புறம் ஒரு சினேகிதன் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனான். இன்னொருத்தன் ஒத்தக்கடையில் வீடு கட்டிக் குடிபோனான், "பிள்ளைகளுக்குப் பரீட்சைடா" என்றான். மூன்றாமவன் காரணமே சொல்லவில்லை. அவர்களுக்கு எல்லாம் என்னோடு சாப்பிட்டு முடித்தபின் திரும்பிப்போக வீட்டில் ஆள் இருந்திருக்கிறது. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு சனிக்கிழமை நான் மட்டும் போய் நாலு பேர் மேஜையில் உட்கார்ந்தேன். சப்ளையர் வந்து, "எத்தன பேருண்ணே?" என்றார். "வந்துக்கிட்டிருக்காங்க" என்றேன். ஒருத்தரும் வரவில்லை. அவர் மூன்று டம்ளர் தண்ணீரைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாதவரை அவள் ஊருக்குப் போயிருக்கிறாள். சொல்லிவிட்டால் போய்விட்டாள். அதோடு, ஊரையே கேலி பண்ணுகிறவன் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று தெரிந்தால் பாண்டி எனக்கு என்ன பேர் வைப்பான் என்ற பயமும் உண்டு. மத்தியானம் நான் டப்பா கொண்டுபோகாவிட்டால் அன்றைக்கே கேள்வி வரும். அதனால்தான் அந்த வேப்பமரத்தடி நாடகம்.

முதல்நாள் மெஸ் சாம்பாரை அண்ணன் உள்ளங்கையில் விட்டுக்கொண்டார். நக்கினார். கண்ணை மூடினார். ஃபேன் வழக்கத்தைவிட நிறையச் சுற்று சுற்றியது.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல. புளி புதுப்புளி. கொஞ்சமாக் கரைக்கணும். தங்கச்சிகிட்டச் சொல்லு."

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மறுநாளே, ஒரே கைப்பக்குவம் தொடர்ந்து வந்தால் மாட்டிக்கொள்வேன் என்று வேறு மெஸ்ஸுக்குப் போனேன். திங்கள் அவனியாபுரம், செவ்வாய் வில்லாபுரம், புதன் பெருங்குடி என்று பரீட்சை அட்டவணை மாதிரி ஒன்று போட்டேன். ஒரு வீட்டுக்குழம்பு தினசரி ருசி மாறினால்தான் சந்தேகம் வரும் என்பது என் அறிவுக்கு எட்டவில்லை. முன்னுரையிலேயே சொல்லிவிட்டேனே, நான் யார் என்று.

அவர் ஒருநாளும் காட்டிக்கொடுக்கவில்லை. தினமும் ஒரு செய்தி மட்டும் அனுப்புவார். "வெந்தயம் கருகிருச்சு, பரவால்லன்னு தங்கச்சிகிட்டச் சொல்லு." "இன்னைக்கு ரசம் நல்லாருக்குன்னு தங்கச்சிகிட்டச் சொல்லு." மறுநாள் மறக்காமல் கேட்பார்.

"சொன்னயா?"

"சொன்னேண்ணே."

"என்ன சொன்னுச்சு?"

"சிரிச்சுச்சுண்ணே."

மேலூரில் இருக்கிற ஒருத்தி, ஏழு மாதம் அவனியாபுரத்தில் தினமும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நடுவில் முதலாளிக்குப் பேரன் பிறந்தான். பட்டறை முழுவதையும் டவுனில் ஒரு பெரிய மெஸ்ஸுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனார். இலையில் குடல் குழம்பு, அயிரை மீன், ஈரல், சுக்கா. எல்லோரும் சத்தமே இல்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பாண்டி கேட்டான்: "அண்ணே, இங்கயும் உள்ளங்கையில ஊத்திப் பாத்துச் சொல்லுங்கண்ணே. ஆக்குன ஆளு எப்படி?"

அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தார். "ருசி நல்லாத்தான்டா இருக்கு. யாருன்னுதான் தெரியல" என்றார். சொல்லிவிட்டு ஃபேனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் ஈரலில் மும்முரமாக இருந்தேன்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் ஒருநாள் சாயங்காலம் அவர் ஏற வேண்டிய பஸ் வரவில்லை. அவருக்கு வீடு சமயநல்லூரில். இரண்டு பஸ் மாறி வருவார். நான் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். நனைந்துவிட்டேன் என்று உள்ளே கூப்பிட்டுத் துண்டு கொடுத்தார். ஒரே அறை, அதன் மூலையில் அடுப்பு. ஒரு சின்ன குக்கர், ஒரு தட்டு, ஒரு உப்பு ஜாடி. என் கண் தேடியது. மிளகாய்ப்பொடி இல்லை. புளி இல்லை. கடுகு டப்பாகூட இல்லை. உலகத்தின் குழம்புகளை எல்லாம் படித்த மனிதர் வீட்டில் ஒரு குழம்புக்கும் வழி இல்லை.

"நீங்க கொழம்பே வைக்க மாட்டீகளாண்ணே?"

"நானே ஆக்குனா யாரு ஆக்குனதுன்னு எனக்குத் தெரிஞ்சுருமே மாப்ள. பெறகு சாப்புடுறதுல என்ன இருக்கு?"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வாய்க்கு வந்ததைக் கேட்டுவிடுகிற பழக்கத்தில், "கல்யாணம் ஆகலையாண்ணே?" என்றேன்.

"ஆச்சு. எனக்கு நாக்கு நீளம். ரெண்டு வருசம் தாங்குனா."

துண்டை வாங்கி மடித்து, கொடியில் போட்டார். மழை விடுவதற்குள் நான் கிளம்பிவிட்டேன். அந்த அறையில் உட்கார எனக்கு என்னவோ மாதிரி இருந்தது. என் வீட்டைச் சின்னதாக்கி யாரோ அங்கே வைத்திருந்தது போல இருந்தது.

இனி அமாவாசைக்கு வருகிறேன்.

எங்கள் ஊர்ப்பக்க வீடுகளில் அமாவாசையன்று கறி, மீன் என்று கவிச்சி எதுவும் புழங்காது. ஸ்டோர்ஸ் அண்ணன் அதில் ரொம்பக் கறார். அவர் அப்பாவுக்காக அன்று காக்கைக்குச் சோறு வைக்காமல் பல்லில் தண்ணீர்கூடப் படவிடமாட்டார். எனக்கு அமாவாசை தெரிய வேண்டுமென்றால் வீட்டில் யாராவது காலண்டரில் தாள் கிழிக்க வேண்டும். என் வீட்டுக் காலண்டர் அவள் போன ஞாயிற்றுக்கிழமையிலேயே நின்றிருந்தது. அன்று பெருங்குடி மெஸ்ஸில் ஒரு வாடிக்கையாளரோடு போனில் பேசிக்கொண்டே, "கொழம்பு ஊத்துங்கண்ணே" என்றேன். என்ன குழம்பு என்று அவரும் கேட்கவில்லை, நானும் பார்க்கவில்லை. மரத்தடியில் டப்பாவுக்கு மாற்றும்போதும் பேச்சு முடியவில்லை.

ஒரு மணிக்கு மூடியைத் திறந்தேன். நடுக்குழம்பில், மீனாட்சி அம்மன் கோயில் தெப்பம் மாதிரி, ஒரு நல்லி எலும்பு மிதந்தது.

பாண்டி மூக்கைச் சுளித்தான். "யாருப்பா அது, அமாவாசையும் அதுவுமா கவிச்சி?"

"என்னயப் பாக்காதீக. என் டப்பால கீரை" என்றாள் ரோஸ்லின்.

இரண்டு பேர் கண்ணும் என் டப்பாவை நோக்கி நகர்ந்தது. எந்தக் குடும்பத்துப் பெண்ணும் அமாவாசையன்று புருஷனுக்கு எலும்புக் குழம்பு கொடுத்துவிட மாட்டாள். அந்த ஒரு எலும்பு போதும். ஏழு மாதமும் வெட்டவெளிச்சம். எனக்கு எந்த ஜோக்கும் வரவில்லை.

அதற்குள் அண்ணனின் கை நீண்டது. என் டப்பாவைத் தன் பக்கம் இழுத்தார். உள்ளங்கையும் இல்லை, ஃபேனும் இல்லை. அப்படியே தன் வெறும் சோற்றின் மேல் முழுக் குழம்பையும் கவிழ்த்தார். எலும்பைச் சோற்றுக்குள் புதைத்துப் பிசைந்து ஒரு கவளம் வாயில் போட்டார்.

"வாழக்காடா. கறிமசாலா போட்டு வச்சிருக்கு, அதான் வாசம்" என்றார். "நல்லா வெந்திருக்கு மாப்ள. தங்கச்சிகிட்டச் சொல்லு."

"எனக்கு ஒரு துண்டு குடுங்கண்ணே" என்று பாண்டி கையை நீட்டினான்.

"போடா. ஒனக்கு மாமியா இருக்கு."

முழுவதையும் அவரே சாப்பிட்டார். எலும்பு எங்கே போனது என்று யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். இடது கையால் காக்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பையில் எண்ணெய் மெல்லப் படர்ந்தது.

கை கழுவுகிற குழாயடியில் அவருக்குப் பின்னால் போய் நின்றேன். "அண்ணே, இன்னைக்கு நீங்க கவிச்சி தொட மாட்டீகளே."

வாயை மூன்று முறை கொப்பளித்துத் துப்பினார். "வாழக்காயில ஏது கவிச்சி?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, அவருக்கு முதல்நாளில் இருந்தே தெரியும் என்று. ஏழு மாதம் தினமும் 'சொல்லு சொல்லு' என்று அவர் அனுப்பியது எதுவும் மெஸ் சமையல்காரர்களுக்கு இல்லை என்றும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த வாரமே அவர் வேலையை விட்டு நின்றுகொண்டார். கண் மங்கிவிட்டது, பெட்டியில் இருக்கிற பார்ட் நம்பர் தெரியவில்லை என்றார். அதற்குப் பிறகு சமயநல்லூர் வீட்டையும் காலி செய்துவிட்டார். அவருடைய நம்பருக்குப் போட்டால் இப்போது வேறு யாரோ எடுக்கிறார்கள். யார் வீட்டுக் குழம்பை ஊற்றிக்கொள்கிறாரோ தெரியவில்லை. ஆனால் அவருடைய கடைசி நாளைச் சொல்ல வேண்டும்.

வழியனுப்ப எல்லோருமாக ஹோட்டலுக்குப் போகலாம் என்றான் பாண்டி. "ஹோட்டல் வேணாம். ஆளுக்கொரு கொழம்பு கொண்டாங்க, போதும்" என்றார் அண்ணன். என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாகப் போய்விட்டது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அடுப்பு முன்னால் நின்றுகொண்டு மேலூருக்குப் போன் போட்டேன். ஏழு மாதத்தில் முதல்முறை.

"என்ன?" என்றாள்.

"புளிக்கொழம்புக்கு மொதல்ல என்ன செய்யணும்?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் அவள் அம்மா வீட்டுக் கோழிகள் மட்டும் பேசின.

"யாரு வைக்கப்போறா?"

"நாந்தான்."

"கேஸ் இருக்கா?"

"இருக்கு."

"இருக்காம என்ன? புக்கிங் என் நம்பர்லதான இருக்கு. ஏழு மாசமா ஒரு சிலிண்டர் போடல. என்னத்தத்தான் தின்னீக?"

பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல், "புளிய ஊறப்போடுங்க" என்றாள்.

"எம்புட்டு?"

"எலுமிச்சம்பழம் அளவு."

"எந்த எலுமிச்சம்பழம்? சின்னதும் இருக்கு, பெருசும் இருக்கு."

"ஐயோ."

"உப்பு?"

"கண்ணளவு."

"ஒன் கண்ணா, என் கண்ணா?"

போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, ஸ்டோர்ஸ் அண்ணனுக்கு இன்று கடைசி நாள், குழம்பு அவருக்குத்தான் என்று சொல்லிக்கொண்டே கத்தரிக்காய் நறுக்கினேன். எண்ணெய் காய்ந்து கடுகு போட்டபோது இரண்டு கடுகு கன்னத்தைப் பதம் பார்த்தன. பத்தடி தள்ளி நின்று எறிந்து பார்த்தேன், பாதிதான் சட்டியில் விழுந்தது. கடைசியில் ஹெல்மெட்டை மாட்டிக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டேன்.

"கொரலு ஏன் கெணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு?" என்றாள்.

"ஹெல்மெட் போட்டிருக்கேன்."

அவள் சிரித்தாளா இருமினாளா தெரியவில்லை. ஹெல்மெட்டுக்குள் சரியாகக் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "தீயக் கொறைங்க, அடி புடிக்குது" என்றாள்.

"மேலூர்ல இருக்கிற ஒனக்கு எப்படித் தெரியும்?"

"கரண்டிச் சத்தம் மாறுது."

அதற்குள் பிடித்துவிட்டிருந்தது.

மத்தியானம் டயர் அடுக்கின் மேல் மூன்று குழம்புகள். அண்ணன் என் டப்பாவில் இருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டார். நக்கினார். கண்ணை மூடினார். பிறகு இரண்டு கண்ணையும் திறந்து என்னைப் பார்த்தார். ஃபேன் பக்கம் போகவே இல்லை.

"நாந்தாண்ணே வச்சேன்" என்றேன்.

"நீங்களா? மதினி எங்கண்ணே?" என்றான் பாண்டி.

"மேலூர்ல. போயி ஏழு மாசமாச்சு."

சொல்லிவிட்டேன். பாண்டி பேர் வைக்கட்டும் என்று காத்திருந்தேன். அவன் தன் டப்பாவில் இருந்த முட்டையை எடுத்து என் சோற்றில் வைத்தான். ரோஸ்லின் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். யாராவது சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். கத்தரிக்காய் வேகவில்லை, புளி பல்லைக் கூசவைத்தது, தீய்ந்த வாசம் வேறு. இரண்டாவது முறையும் ஊற்றிக்கொண்டார். டப்பாவை விரலால் வழித்தார்.

"ஒண்ணுமே சொல்லலையேண்ணே" என்றேன்.

"இத என்கிட்டக் கேக்காத மாப்ள."

சாயங்காலம் ஒரு துணிப்பையோடு ஷேர் ஆட்டோவில் ஏறினார். ஏற்கெனவே ஏழு பேர் இருந்தார்கள். எட்டாவது ஆளாக ஓரத்தில் ஒட்டிக்கொண்டு போனார். திரும்பிப் பார்த்துக் கையாட்ட இடம் இல்லை.

நான் வீட்டுக்குப் போய், விளக்கைக்கூடப் போடாமல் மேலூருக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. வழிச்சுச் சாப்ட்டாரு. பாண்டிக்குப் புளிப்புல இன்னமும் ஒரு கண்ணு தெறக்கல."

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றேன்.

"என்னன்னு?"

"நீ இங்க இல்லன்னு."

கோழிகள் அடைந்துவிட்டன போல. அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, ஏழு மாதமாக வராத வார்த்தையைக் கேட்டேன்.

"வீட்டுக்கு வாரியா?"

"மொதல்ல அந்தச் சட்டியக் கழுவுங்க."